மூன்று வருடக் கெடு

2019 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும், ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து காரைக்குடி வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி முகப்பில் நின்று போனைப் பார்த்தபடியே சொன்னாள். "ஸ்கேல் த்ரீ வந்திருச்சுங்க. விஜயவாடா போட்டிருக்காங்க." வங்கியில் அது சீனியர் மேனேஜர் பதவி. நான் சந்தோஷம் என்று சொல்லவில்லை. "பாப்பாவை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை, யாராவது கேட்டே ஆக வேண்டியதுதான். ஆனால் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துப் பரீட்சை எழுதி ஜெயித்துவிட்டு வந்து நிற்கிற மனுஷியிடம் முதல் வார்த்தையாக அதைக் கேட்டேன் பாருங்கள், அதிலிருந்து நாங்கள் மீண்டு வர ஒன்றரை வருடம் ஆனது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவிக்கு பெங்களூரில் வேலை, இவனுக்குக் காரைக்குடியில் அப்பச்சியின் கடை, எங்களில் அப்பாவை அப்பச்சி என்போம். புதுக்கோட்டை தாண்டியதும், "நீங்க எப்படிண்ணே சமாளிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். விழுப்புரம் வரை பேசினேன். பேசி முடித்த பிறகுதான் முக்கியமானதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. அதனால் எழுதி வைக்கிறேன், அவனுக்கும் அவனைப் போல இருக்கிற மற்றவர்களுக்கும்.

எங்களுக்குக் கல்யாணம் 2008-ல். அதற்கு ஒரு வருடம் முன்பே அவள் ஒரு பொதுத்துறை வங்கியில் ஆபீசராகச் சேர்ந்திருந்தாள். நான் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இருந்தேன். நகரத்தார் வழக்கப்படி இசைகுடிமானம் என்கிற கல்யாண ஏடு எழுதி, கோயில் கணக்கில் ஒரு புள்ளியானோம். எங்களில் கல்யாணமான ஜோடிதான் ஒரு புள்ளி, புள்ளி வரியும் அந்தக் கணக்கில்தான் வரும். அப்புறம் ஆத்தா, அதாவது என் அம்மா, எங்களை வேறு வைத்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, இனி உங்கள் வரவு செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடுவார்கள். அதற்குத்தான் வேறு வைப்பது என்று பெயர். நாங்கள் சென்னையில் இருந்ததால் எங்களுக்கு அது இரண்டு நாள் சடங்கோடு முடிந்தது. அன்றே உட்கார்ந்து, ஒரு குடும்பம் என்றால் யார் எதைப் பார்ப்பது, யார் ஆசைக்கு எப்போது இடம் என்று பேசியிருக்கலாம். யாருமே பேசுவதில்லை, நாங்களும் பேசவில்லை.

2011-ல் மகள் பிறந்தாள். 2013-ல் நான் வேலையை விட்டேன். எனக்கு ரொம்ப நாளாக ஆத்தங்குடிக் கல் மேல் பைத்தியம். சின்ன வயதிலிருந்து வெறும் காலில் நடந்து வளர்ந்த தரை அது. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து அந்தக் கல்லைப் பெயர்த்து லாரியில் ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்று ஊருக்கு வந்துவிட்டேன். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயம் கலந்த சிமென்ட் கூழைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு மினுமினுப்பாக வருகிறது. ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் சாயம் ஒரு நாளுக்கு ஒரு நிறமாகப் போய்விடும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் காயவே காயாது. பட்டறையை விட்டு நகர முடியாத தொழில். அதாவது, நான் ஊரை விட்டு அசைய முடியாத ஓர் ஆசையை நானாகத் தேர்ந்தெடுத்தேன்.

அவள் எனக்காக மாற்றல் கேட்டு வந்தாள். சென்னையில் பெரிய கிளையில் கடன் பிரிவில் இருந்தவள். ஒரு கம்பெனியின் ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டை, கையில் கொடுத்தால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள், அதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி. வந்து சேர்ந்தது தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிளை. நாள் முழுக்க நகைக்கடன். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 2016-ல் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை, 2017-லும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அவளுக்கு இஷ்டமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. என் ஆசைக்காக அவள் செய்தது எனக்குத் தியாகமாகத் தெரியவில்லை, குடும்பம் என்றால் அப்படித்தானே என்று தெரிந்தது. அவள் ஆசை என்று ஒன்று வாசலில் வந்து நின்றதும் அதற்குப் பேர் பிரச்சினை ஆகிவிட்டது.

2019 ஜூனில் அவள் போனாள். மகளுக்கு எட்டு வயது, என்னோடும் ஆத்தாவோடும் காரைக்குடியிலேயே இருந்தாள். அங்கிருந்து விஜயவாடா போவது லேசில்லை. விடியுமுன் பல்லவன் ஏறினால் மத்தியானம் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் இன்னொரு ரயில், போய்ச் சேர நள்ளிரவாகிவிடும். வங்கிகளுக்கு இரண்டாம் சனியும் நான்காம் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினாலும் வீட்டில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வந்தாள். வரும்போதெல்லாம் களைத்து வருவாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன்.

போனில் நாங்கள் பேசியது பேச்சே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்புவேன். விஷயம் தெரியட்டும் என்று அனுப்பியதாக அப்போது சொல்லிக்கொண்டேன், உண்மையில் அவள் நெஞ்சில் குத்தத்தான் அனுப்பினேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து, ஹோம்வொர்க் முடிந்ததா, நகம் வெட்டினீர்களா, யூனிபார்ம் அயர்ன் பண்ணியாச்சா என்று வரிசையாகக் கேட்பாள். கூடு தூரத்தில் இருக்கிறதே என்கிற பதற்றம் அது. எனக்கு அதிகாரி சோதனை போடுவது போல இருக்கும். இரண்டு பேருமே களைத்துப்போன நேரத்தில், ராத்திரி பத்து மணிக்கு, அன்றன்றைக்குள்ள கோபத்தோடு பேசினோம். அந்த நேரத்தில் வீட்டு விஷயம் பேசவே கூடாது. இதை அடித்துச் சொல்வேன்.

அந்த வருடப் பிள்ளையார் நோன்புதான் உச்சம். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள், நாளுக்கு ஒரு இழை புது வேட்டியிலிருந்து எடுத்து வைத்து, நோன்பன்று அதைத் திரியாக்கி இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டில் மூத்தவர் கையால்தான் இழை வாங்க வேண்டும். எங்கிருந்தாலும் எங்கள் ஆட்கள் அதற்கு ஒன்று கூடுவார்கள். 2019-ல் அது டிசம்பர் கடைசியோடு வந்து விழுந்தது, வங்கியில் காலாண்டு முடிவு. அவளுக்கு லீவு இல்லை. "வீடியோ கால் போடுங்க, நீங்க எடுக்கிறப்ப நானும் இங்க எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். தனியாக ஓர் அறையில் மாவு பிசைந்து, இழை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நான் போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டேன். பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். அடுத்த நாள் பார்த்தேன். இதற்கு நான் பிறகு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அவளும் சரி விடுங்க என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இழை எடுக்கும்போது அந்தப் பதினொன்று ஞாபகம் வரும்.

பிப்ரவரியில் வந்தபோது அவள்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "இப்படியே போறதுக்குப் பிரிஞ்சிரலாம்." கத்திச் சொல்லவில்லை. பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த மாதம் ஊரடங்கு. 2020 மார்ச் 25-லிருந்து ரயில் இல்லை, பஸ் இல்லை, பட்டறையும் மூடியாச்சு. வங்கி அத்தியாவசியம் என்பதால் அவள் தினமும் முகக்கவசத்தோடு கிளைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அங்கே, தனியாக. இங்கே ஆத்தாவுக்குச் சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, நடமாட முடியாமல் ஆனது. வேலைக்கு வருகிற அக்காவும் வர முடியவில்லை. முதல் தடவையாக வீடு முழுக்க என் கைக்கு வந்தது. அதுவரை "நான்தான் பாத்துக்கிறேன்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேனே, பார்த்துக்கொண்டது ஆத்தாதான் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

அப்போது ஒரு காரியம் செய்தேன், யோசித்துச் செய்ததில்லை. பட்டறைக்கு வைத்திருந்த சிட்டை நோட்டு ஒன்று சும்மா கிடந்தது. அன்றன்று வீட்டில் செய்த வேலையை ஒரு வரி, ஒரு வரியாக எழுத ஆரம்பித்தேன். பால் காய்ச்சியது, ஆத்தாவுக்கு ஊசி, மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது, சிலிண்டர் பதிந்தது, ஆன்லைன் வகுப்புக்கு போனை சார்ஜ் போட்டது, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தது. இந்தக் கடைசி வரி ஒவ்வொரு நாளும் வந்தது. ஒரு வாரத்தில் நூற்றுச் சொச்சம் வரி. பட்டறைக் கணக்கில்கூட அவ்வளவு வராது. கையால் செய்கிற வேலை போக, மனசுக்குள் சுமக்கிற வேலை ஒன்று இருக்கிறது, எந்தத் தேதியில் தடுப்பூசி, யாருடைய கல்யாணத்துக்கு என்ன மொய், எண்ணெய் எப்போது தீரும் என்று. விஜயவாடாவில் இருந்தபடியே அதில் பாதியை அவள் தூக்கிக்கொண்டிருந்தாள். நகம் வெட்டினீர்களா என்று கேட்டது அதுதான். நோட்டைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். தெர்மாமீட்டருக்குப் பதிலாக நான் அனுப்பிய முதல் படம். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது: "இதை நீங்களா எழுதுனீங்க?"

செப்டம்பரில் வாடகைக் கார் பிடித்து வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு. மகள் தூங்கிய பிறகு வளவில், அதாவது வீட்டு நடுக்கூடத்தில், தரையில் உட்கார்ந்தோம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு என் அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்தது. என் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் மூன்று வருடம் கெடு. சம்பளச் சீட்டு என்கிற வேலை ஒப்பந்தம் எழுதி, கணக்கை ஒப்படைத்துவிட்டு மூன்று வருடத்தில் திரும்புவார்கள், ஊரில் சில மாதம் இருந்துவிட்டு மறுபடி போவார்கள். அப்பத்தா இப்படித்தான் சொல்வார்: "உங்க ஐயா போறப்ப மூணு வருசம்னு சொல்லிட்டுப் போவாக. நான் நாளை எண்ணிக்கிட்டு இருப்பேன். நாளே தெரியாட்டி எதைப்பா எண்றது?"

எங்கள் பிரிவுக்கு நாள் இல்லை. அதுதான் எங்களைத் தின்றுகொண்டிருந்தது. அவள் எப்போது வருவாள் என்று நானும் கேட்கவில்லை, எப்போது வருவேன் என்று அவளும் சொல்லவில்லை, கேட்டால் சண்டை வரும் என்று இரண்டு பேரும் பயந்தோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலம் நல்ல காலம், அந்தப் பெண்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்றெல்லாம் சிலாகிக்க எனக்கு மனசு வரவில்லை. என் அப்பச்சி பிறந்ததை ஐயா கடிதத்தில்தான் படித்தார், மகனைக் கண்ணால் பார்த்தபோது மகனுக்கு இரண்டு வயது. அப்பத்தாவிடம் போகட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. கெடுவையும் கணக்கையும் மட்டும் அந்தக் காலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் போவதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரிசையில், எங்கள் வீட்டில் ஆண் ஊரில் இருந்து பெண் வெளியூர் போனது நாங்கள்தான் முதல். அதனால் முன்மாதிரி என்று யாரும் கிடையாது, நாங்களே எழுத வேண்டியிருந்தது.

எழுதினோம். ஒரு முழு வெள்ளைத் தாள். மேலே கெடு: 2022 ஜூன். அதுவரை அவள் வேலையைப் பற்றி நான் முணுமுணுக்கக் கூடாது, அதற்கு மேல் நீடிக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும், தானாக நீளக் கூடாது. மாதத்தில் ஒரு தடவை அவள் வருவாள், ஒரு தடவை நான் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். இந்த இரண்டாவது பாதியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவள்தான் போனாள், அதனால் அவள்தான் வர வேண்டும் என்பது என் மனசில் சட்டமாக இருந்தது. நான் போய்ப் பார்த்த பிறகுதான் அவளுடைய அறை, கிளை, மேஜை, அவள் தினமும் நடந்து போகிற தெரு எல்லாம் தெரிந்தது. அங்கே அவளுக்கு எல்லாரும் கொடுத்த மரியாதையைப் பார்த்தேன். கடன் கேட்டு வந்த ஒரு பெரிய மில்காரர் அவள் கேள்விக்குத் திணறிப் பதில் சொன்னதை ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. துணை எங்கே வேலை பார்க்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதைப் பார்க்காமல் அவர்கள் ஆசை என்ன என்று நமக்குப் புரியாது.

டிக்கெட் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் எங்கள் சண்டையில் பாதி டிக்கெட் கிடைக்காததால் வந்தது. அப்போது 120 நாளுக்கு முன்பே ரிசர்வ் செய்யலாம், இப்போது 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். முன்பதிவு திறக்கிற அன்றே போட்டுவிடுவோம். ஆபீசில் ஏதாவது வந்தால் கேன்சல் செய்துகொள்ளலாம், அந்தக் காசு போனால் போகட்டும். வருகிற தேதி காலண்டரில் வட்டம் போட்டு இருந்தால் வீட்டில் குழந்தைக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது.

பணத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அதுவரை விஜயவாடா வாடகை, ரயில் செலவு எல்லாம் அவள் சம்பளத்திலிருந்து போனது, அது அவள் செலவு என்று இரண்டு பேருமே நினைத்தோம். என் பட்டறைக்கு வாங்கிய கடன் மட்டும் குடும்பக் கடன். அவள்தான் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினாள், 2013-லிருந்து பட்டறைக்குப் போன அவள் சம்பளம் எவ்வளவு என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பொதுக் கணக்கு. வருமானத்துக்குத் தகுந்தபடி இரண்டு பேரும் போடுவோம், பிரிந்து இருப்பதற்கான செலவு முழுக்க அதிலிருந்து. ஒரு குடும்பம் இரண்டு ஊரில் இருந்தால் செலவும் இரண்டு குடும்பச் செலவு, சம்பள உயர்வு அப்படியே கையில் மிஞ்சாது. பதவி உயர்வு வந்தால் பணம் வரும் என்று மட்டும் நினைத்து முடிவெடுப்பவர்கள் வாடகை, டிக்கெட், இரண்டு சமையல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். எங்களுக்கு முதல் வருடம் கையைக் கடித்தது.

பேச்சையும் பிரித்தோம். தினமும் ராத்திரி பேசுவது சும்மா பேச்சு, அதில் வீட்டுக் கணக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, காபி குடித்துவிட்டு, அது கணக்குப் பேச்சு. ஸ்கூல் பீஸ், ஆத்தா மருந்து, யார் மேல் என்ன வருத்தம் எல்லாம் அதில்தான். வருத்தத்தை ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருப்பது முதலில் கஷ்டமாக இருந்தது. பாதி வருத்தம் ஞாயிறு வருவதற்குள் தானே கரைந்து போனது, மீதி நிஜமாகவே பேச வேண்டிய வருத்தம்.

அந்தத் தாளில் ஒரு வரி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. "பாப்பா பெரியவளாகும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம், அதுக்கு இப்பவே தயாரா இருங்க" என்று மனைவி சொன்னாள். அதெல்லாம் ஆத்தா பார்த்துக்கொள்வார் என்றேன். "இல்ல, அவ முதல்ல உங்ககிட்ட சொல்ற மாதிரி இருக்கணும்" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து மகளிடம் பேசினோம், நாப்கின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வைத்தோம். 2022 பிப்ரவரியில் ஒரு காலை, ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரம், மகள் வந்து "அப்பா, அம்மாவுக்கு போன் போடுங்க, ஆனா நீங்க போகாதீங்க" என்றாள். நான் போகவில்லை. வெந்நீர் வைத்தேன், உளுந்தங்களி கிண்டத் தெரியாமல் ஆத்தாவைக் கேட்டுக் கிண்டினேன். அன்று ராத்திரியே மனைவி லீவு போட்டுக் கிளம்பி வந்தாள். என் வாழ்க்கையில் நான் நல்லபடியாகச் செய்த காரியங்கள் என்று எண்ணினால் அந்தக் காலை அதில் ஒன்று. அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தை அன்று யாரிடம் போய் நின்றிருப்பாள்?

உறவுக்காரர்கள் பேசுவார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "வீட்டுக்காரி இன்னும் ஆந்திராவுலதானா?" என்று ஆரம்பிப்பார்கள். முதல் வருடம் நான் சிரித்து மழுப்பினேன், அந்த மழுப்பல் அவள் காதுக்குப் போய் அவளைக் காயப்படுத்தியது. என் பக்கத்து ஆட்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் பக்கத்துக்கு அவள். இது எங்களுக்கு ரொம்ப உதவிய ஏற்பாடு. "ஆமா அயித்தை, சீனியர் மேனேஜரா இருக்கா, 2022 ஜூன் வரைக்கும் அங்கதான்" என்று தேதியோடு சொன்னால் அடுத்த கேள்வி வருவதில்லை. ஆத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருமகள் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது, வெளியே ஒரு சொல் விட்டதில்லை. கேட்டவர்களிடம், "எங்க மாமனாரு பினாங்கு போகலையா?" என்று ஒரே கேள்வியில் வாயடைத்துவிடுவார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ல் கொச்சியில் ஒரு பெரிய ஓட்டல் வேலை வந்தது, எங்கள் பட்டறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரியது. கல் பதிக்கிற மூன்று மாதமும் நான் அங்கே இருந்தால்தான் தருவோம் என்றார்கள். ஆத்தா கால் அப்போதும் சரியாகவில்லை, மகள் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் வந்து இரண்டு மாதம் லீவு போடுகிறேன் என்றாள், நான்தான் கெடு முடியட்டும் என்று மறுத்தேன். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. இன்றைக்கும் அந்த ஓட்டல் படத்தை எங்காவது பார்த்தால் வலிக்கத்தான் செய்கிறது. இரண்டு பேர் ஆசையும் ஒரே வருடத்தில் முழுசாக ஓடாது, ஒருவர் ஓடும்போது ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். அவள் 2013-லிருந்து ஆறு வருடம் நின்றாள், நான் மூன்று வருடம் நின்றேன். நின்றவருக்கு அது வலிக்கும் என்று ஓடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். நான் அவளுக்கு அந்த ஆறு வருடமும் சொல்லவில்லை.

கெடு முடிந்தபோது அவள் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாள். வங்கியில் இருக்கிற பெண்களுக்கு உபயோகமான விஷயம் ஒன்று: 2014 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. கல்யாணமான பெண் ஊழியர் கேட்டால் கணவர் இருக்கிற ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ கூடியவரை பணியிடம் கொடுக்க வேண்டும் என்று. அந்தக் "கூடியவரை" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அவளுக்கு முதல் வருடம் கிடைக்கவில்லை. தாளை எடுத்து, பேசி, ஒரு வருடம் நீட்டி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த ஒரு வருடம் சண்டையில்லாமல் போனதற்கு, முதல் தடவை தாளில் "தானாக நீளக் கூடாது" என்று எழுதியதுதான் காரணம். 2023-ல் மதுரை கிடைத்தது. காரைக்குடியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். வாரத்தில் நடுவில் ஒரு நாள் வருவாள், வெள்ளிக்கிழமை ராத்திரி வருவாள். முன்பு இருந்ததற்கு அது பக்கத்துத் தெரு மாதிரி.

பல்லவனில் வந்த பையனிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள், ரிசல்ட் வந்த பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது, வழக்காக இருக்கும். வங்கியோ வேறு எந்த வேலையோ, மாற்றல் பட்டியல் எந்த மாதத்தில் வரும் என்று தெரியும்தானே? அதற்கு ஆறு மாதம் முன்பே, தீபாவளிக்கு ஊருக்கு வருகிறபோது, சாவகாசமாக உட்காருங்கள். "கிடைச்சா போவியா?" என்று கேட்காதீர்கள். "கிடைச்சா எப்படிப் போகலாம்?" என்று கேளுங்கள். அவன் தலையை ஆட்டினான், போனில் குறித்துக்கொண்டான். போய்ப் பேசினானா என்று தெரியவில்லை, கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இப்போது எங்களுக்கே அடுத்தது வந்திருக்கிறது. ஸ்கேல் ஃபோர், சீஃப் மேனேஜர். இந்த முறை விண்ணப்பிக்கும் முன்பே என்னிடம் வந்து, "எழுதலாமா?" என்று கேட்டாள். நான் முதல் வார்த்தையாக "எழுது" என்றேன். ஆறு வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லக் காத்திருந்தேன். கிடைத்தால் எந்த மாநிலம் போடுவார்கள் என்று தெரியாது. ஆத்தாவுக்கு எழுபத்தாறு வயது. பட்டறையில் இப்போது சாயம் கலக்க எனக்கு நிகராக ஓர் ஆள் தயாராகிவிட்டார், அதனால் நானும் முன்பு போல அசையாத ஆள் இல்லை.

புதுத் தாள் வளவில் மேஜை மேல் இருக்கிறது. கெடு இன்னும் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே தன் பெயரையும் எழுதி, ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பத்தாவது பரிட்சை முடியுற வரைக்கும் என்னைக் கேட்காம யாரும் எந்த ஊருக்கும் போகக் கூடாது." மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நியாயம்தானே, நான் வந்ததும் மூணு பேரும் உக்காந்து பேசுவோம்" என்று எழுதினாள். வருகிற நான்காம் சனிக்கிழமை உட்காருகிறோம்.